குசினிக் குழாயில் பங்கு

உம்முடைய கையெழுத்தில் ஒரு காணி உறுதிப் பத்திரம் என் மேசையில் கிடக்கிறது. ஆற்றங்கரை வீட்டு முதலாளி, உம்முடைய அறையை ஒதுக்கும்போது அலுமாரிக்குள் அகப்பட்டதென்று இன்று தந்தார். தாளில் இன்னும் உம்முடைய கோப்பி மணம். யாழ்ப்பாணத்தில் நொத்தாரிசின் கந்தோரில் பதினெட்டு வருடம் உறுதி எழுதிய கை அல்லவா, ஓர் அடித்தல் திருத்தல் இல்லை.

வேறெந்தக் காணி, அஹுன்ட்சிக்கில் நாம் வாடகைக்கு இருந்த அந்தப் பழைய வீடுதான். மொன்றியல் அவ்வளவு தூரம் பரவாத காலத்தில் ஓர் ஆங்கில மர வியாபாரி கோடைக்கு வந்து தங்கக் கட்டியது. முன்பக்கம் சாம்பல் கல், ஒரே அளவான உயர்ந்த யன்னல்கள். பின்னால் மட்டும் செங்கல்லில் ஒட்டவைத்த ஒரு கூடம். அது ஏன் கல்லோடு பொருந்தவில்லை என்று மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்டீர். ஆவணக் காப்பகத்துக்கு அலைந்து, அகராதியும் கையுமாகப் பிரெஞ்சுத் தாள்களோடு மல்லுக்கட்டினீர்.

"உந்த வீட்டை உம்மடை பேருக்கு மாத்தப் போறீரோ?" என்று பகிடி பண்ணினேன்.

"விசர்க் கதை கதையாதையும். பின் கூடம் மகளின்ரை கலியாணத்துக்குக் கட்டினது. அப்ப இது சீதன வீடு!"

வியாபாரிக்குத் தேடிய தேட்டம், மகளுக்குச் சீதனம், பேரனுக்கு முதுசம் என்று மூன்று தலைமுறை வெள்ளைக்காரரையும் எங்கள் ஊர் வழமைக்குள் இழுத்து வந்துவிட்டீர். பேரனிடம் வாங்கிய கன்னியாஸ்திரிகள் கூடத்தைச் செபக்கூடமாக்கினார்கள். அவர்களிடம் வாங்கிய இன்றைய முதலாளி பலகைச் சுவர் வைத்து எட்டு அறையாக்கினார். உமக்கும் எனக்கும் பக்கத்துப் பக்கத்து அறை, செபக்கூடத்தின் மூலையில் சமையலுக்குப் பொதுவாக ஒரு குசினி. முதலாளி அதைப் பிரெஞ்சில் 'குய்சீன்' என்னும்போதெல்லாம், "எங்கடை சொல்லைத்தான் உவர் வடிவாய்க் கதைக்கிறார்" என்று சிரிப்பீர்.

சமாதான காலத்தில் ஊருக்குப் போய் வந்த பிறகுதான் உமக்கு இந்தப் பித்துப் பிடித்தது. உம்முடைய வீடு இராணுவ வலயத்துக்குள். முள்ளுக்கம்பி வரை போனீராம், கூரைகூடத் தெரியவில்லையாம். மேலே கேட்டிருக்க வேண்டிய நான் பகிடி பண்ணிக்கொண்டிருந்தேன்.

மனைவியும் பிள்ளையும் ஸ்பொன்சரில் வந்து சேர, நான் நகரின் மேற்குக் கோடியில் ரொக்ஸ்பரோவுக்குப் போனேன். உமக்கு வர ஒருவரும் இல்லை. சாமான் ஏற்றிய அன்று படியில் நின்று சொன்னீர்: "சனிக்கிழமையளில வாரும். உறுதி எழுதி முடிச்சதும் சாட்சிக் கையெழுத்து நீர்தான் வைக்க வேணும்."

"ஓம், பேந்து வாறன்."

வரவில்லை. பிள்ளையின் வகுப்பு, கடை, பனி என்று சாட்டுக்கா பஞ்சம்? மாசியில் நீர் கண்மூடிய செய்தியும் இரண்டு நாள் பிந்தித்தான் என்னிடம் வந்தது. வெட்கமாக இருக்கிறது.

இப்போது வாசிக்கிறேன். வடக்கு எல்லை ஆறு. கிழக்கு ஒழுங்கை. வான்பயிர் என்று மேப்பிள் மரம் மூன்று. எங்கள் ஊர் உறுதிகளில் கடைசியாகக் கிணற்றுப் பங்கு வரும். நீர் எழுதியிருக்கிறீர்: "கிணறு இல்லை. குசினிக் குழாயில் எனக்கும் என் சிநேகிதருக்கும் சம பங்கு. அவர் வேறிடம் குடியிருந்தாலும் அப்பங்கு அற்றுப்போகாது."

கீழே சாட்சி இடத்தில் என் பெயரைத் தேடினேன். இல்லை. மேல்மாடி ஹெயிட்டிக்காரர் வைத்திருக்கிறார், தமிழில் ஓரெழுத்தும் தெரியாத மனுசன். நான் வராத கோபத்தில் என்னை விட்டுவிட்டீர் என்று நினைத்தேன். பிறகுதான் கந்தோர்ச் சட்டமாக நீர் அடிக்கடி சொல்வது நினைவுக்கு வந்தது: "பங்கு உள்ள ஆள் சாட்சி வைக்கேலாது."

சாட்சிக்குக்கூட வந்து நிற்காதவனுக்குப் பங்கு எழுதிவிட்டுப் போயிருக்கிறீர். அது என்னிடம் இருக்கிறது.