சிநேகிதிக்கு எடுத்துப்போன சீர்

ஏழு கடலையும் ஒரே அதட்டலில் அடக்கி வைத்திருந்த என் அக்காவுக்கு,

ரொம்ப அலுப்பாக இருக்கிறது அக்கா. நீ போனதிலிருந்து உன் வீட்டைச் சிரிக்க வைக்கிற உத்தியோகம் எனக்கு. பாடாலூரிலிருந்து ஸ்கூட்டரில் பெரம்பலூர் வந்து, வாசலில் கால் வைக்கும்போதே நாலு பொய்யை அவிழ்த்துவிடுகிறேன். ஒரு கொசு என்னைத் தூக்கிக்கொண்டு டோல்கேட் வரைக்கும் போய் இறக்கிவிட்டது என்றேன். உன் மகள் யாழினி "அப்படியா மாமா" என்று சொல்லிவிட்டு ரூமுக்குள் போய்விட்டாள். மச்சான் டிவியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். டிவி ஓடவில்லை.

அவளுக்குப் பேச ஆள் வேண்டும். அது மட்டும் எனக்குத் தெரிந்தது. ஆடிட்டர் ஆபீஸ் போகிறாள், வருகிறாள், கதவைச் சாத்திக்கொள்கிறாள். ரோஸ்லின் ஞாபகம் இருக்கிறதா உனக்கு? வரதராஜன்பேட்டைப் பெண். இங்கே ஹாஸ்டலில் தங்கிப் படித்தாளே. ஆறாவதிலிருந்து பன்னிரண்டாவது வரைக்கும், சனி ஞாயிறானால் உன் அடுப்படியில்தான் குடியிருந்தாள். ரெண்டு பேர் தலையையும் சேர்த்து ஒரே ஜடையாகப் பின்னாததுதான் பாக்கி. இப்போது சென்னையில் நர்ஸ். இருவரும் பேசியே மாதக்கணக்காகிறது என்றார் மச்சான். உன் காரியத்துக்கும் அவள் வரவில்லை.

சண்டைதான் என்று நானே தீர்ப்பு எழுதிவிட்டேன். சமாதானம் பேசத் தாய்மாமனை விட்டால் யார் இருக்கிறார்கள்? அவள் லீவில் ஊருக்கு வந்திருக்கிறாள் என்று கேள்விப்பட்டதும் கிளம்பினேன். வெறுங்கையோடு போகலாமா? உன் மகள் சடங்குக்கு எடுத்து வந்த மாதிரியே எடுத்தேன். தாம்பாளம், பூ, பழம், வெற்றிலை பாக்கு, ஒரு புடவை. அரியலூர் ரோட்டில் சிமெண்ட் லாரிகளுக்குப் பின்னாலேயே தூசியில் குளித்துக்கொண்டு போய், ஜெயங்கொண்டம் தாண்டும்போது, யாராவது தண்ணீர் தெளித்தால் அப்படியே சிலையாக இறுகிவிடுவேன் என்ற நிலைமை.

ரோஸ்லினின் அம்மா டீச்சர். கதவைத் திறந்து தட்டைப் பார்த்தவருக்கு முகமே மாறிவிட்டது.

"சார்... மாப்பிள்ளை யாருங்க?"

"மாப்பிள்ளை இல்லீங்க டீச்சர். உங்க பொண்ணோட சிநேகத்தை எங்க பொண்ணுக்குக் கேட்டு வந்திருக்கேன்."

வாசலில் முந்திரிக்கொட்டை காயப்போட்டுக்கொண்டிருந்த அவள் அப்பா, "இதுக்குமாங்க தட்டு?" என்று அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

ரோஸ்லின் உள்ளேயிருந்து வந்தாள். "சண்டையெல்லாம் இல்ல மாமா. யாழினி அம்மா தவறினப்ப லீவு கெடைக்கல. அப்புறம் என்ன பேசறதுன்னு தெரியல. நாளாக நாளாக போன் பண்ணவே பயமா போச்சு."

அவ்வளவுதானாம். வில்லன் என்று ஒருத்தனும் இல்லை. நான் யாரை அதட்டுவேன், சொல்லு?

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் வந்தாள். அதற்கு முன்னால் உன் மகள் என்னை உப்புப் போடாமலே தின்றுவிட்டாள். "யாரைக் கேட்டு மாமா போனீங்க? நான் என்ன ஒண்ணாங்கிளாஸ் புள்ளையா?"

இருவரும் ரூமில் உட்கார்ந்தார்கள். இதோ, சிரிப்பில் கூரை பிய்த்துக்கொண்டு போகப்போகிறது என்று நான் வெளியே காத்திருந்தேன். நைட் டியூட்டி, ஹாஸ்டல் சாப்பாடு என்று ஏதோ கேட்டது. நடுநடுவே குரல் தாழ்ந்துபோய் என் காதுக்கு எட்டவில்லை. கொஞ்ச நேரத்தில் ரோஸ்லின் கிளம்பிவிட்டாள். பஸ் ஏற்றிவிட்டு வந்து யாழினியைப் பிடித்துக்கொண்டேன்.

"அவ்வளவுதானா? உங்க ரெண்டு பேரையும் பிரிக்க ஒரு காலத்துல ஜேசிபி வேணுமே!"

"அப்ப பொழுதன்னைக்கும் ஒண்ணாவே இருந்தோம் மாமா. இனிமே அப்படி இருக்க முடியாது. இன்னைக்கி வந்தால்ல, அது போதும்." பிறகு சொன்னாள். "அம்மா போறப்ப எப்படி இருந்துச்சுன்னு அவதான் கேட்டா. இந்த வூட்ல யாரும் கேக்கல. அப்பா பேசறதே இல்ல. நீங்க பேசிக்கிட்டே இருக்கீங்க."

அக்கா, சந்தைக் கூட்டத்தையே நிறுத்திவைக்கிற இந்த வாய் ஒட்டிக்கொண்டது. நீயாக இருந்தால் குழம்பைக் கிண்டிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டிருப்பாய். அது எப்படி அக்கா உனக்கு வந்தது?

தட்டுத்தடுமாறி, "எப்படிம்மா இருந்துச்சு?" என்றேன்.

ஆஸ்பத்திரியில் உன் பாதம் சில்லிட்டுப்போனது முதலில் அவள் கைக்குத்தான் தெரிந்ததாம். தேய்த்துக்கொண்டே இருந்தாளாம். எங்களை வேண்டுமென்றேதான் கூப்பிடவில்லையாம். கூப்பிட்டால் நிஜமாகிவிடும் என்று பயமாம். அந்தக் கை உனக்குத் தெரிந்ததா?

மச்சான் எழுந்து வந்து அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.  அவள் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அதற்கப்புறம்தான் அவள் அழுதாள்.

வருகிற ஞாயிறும் வருவேன் அக்கா. அவள் இதையே மறுபடி சொன்னாலும், முதல் தடவை கேட்கிறவன் போலக் கேட்பேன். முடிக்கும்வரை குறுக்கே ஒரு வார்த்தை பேச மாட்டேன். இது உன்மேல் சத்தியம்.

வாய் ஓய்ந்து உட்கார்ந்திருக்கும்
உன் கூடப்பிறந்தவன்