ஆளில்லாக் கட்டடத்தின் ஐந்தாம் மாடியிலிருந்து

அனுப்புநர்:
செயலாளர், குடியிருப்போர் மின்சிக்கனக் குழு,
ஐந்தாம் மாடி, வலப்பக்க வீடு,
தங்கள் அலுவலகப் பதிவில் 'ஆளில்லாக் கட்டடம்' என்று குறிக்கப்பட்டுள்ள கட்டடம்.

பெறுநர்:
மேற்பார்வைப் பொறியாளர் அவர்கள்,
மின் வழங்கல் அலுவலகம்.

பொருள்: குடும்பங்கள் வசிக்கும் கட்டடத்தை ஆளில்லாக் கட்டடம் என்று பதிந்து மின் இணைப்பைத் துண்டித்தது – லிப்ட் நின்றதால் என் கணவர் சிகிச்சைக்குப் போக வழியின்றி வீட்டில் அடைபட்டிருப்பது – இணைப்பைத் திரும்பத் தரக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: 1. தங்கள் அலுவலகத்தின் துண்டிப்பு அறிவிப்பு. 2. தங்கள் அலுவலகத்தின் விருது அழைப்பிதழ். (இரண்டிலும் கையொப்பம் தங்களுடையதே.)

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். பேருந்து நிலையத்தில் எந்த வண்டி எந்த மேடையிலிருந்து புறப்படும் என்று ஒலிபெருக்கியில் சொல்லும் குரல் என்னுடையது. தாங்களும் என்றாவது கேட்டிருப்பீர்கள். நான் சொன்னால் வண்டிகள் கிளம்புகின்றன. தங்கள் அலுவலகத்தில் எங்கள் கோப்பு மட்டும் கிளம்ப மாட்டேன் என்கிறது. ஆகவே வாயால் சொல்லி ஓய்ந்து, இதை எழுத்தில் தருகிறேன்.

1. எங்கள் கட்டடம் ஐந்து மாடி கொண்டது. மாடிக்கு இரண்டு வீடு. என் கணவர் வயரிங் வேலை செய்பவர். யார் வீட்டில் பியூஸ் போனாலும் முதலில் அவரைத்தான் கூப்பிடுவார்கள் என்பதால் 'பியூஸ் அண்ணன்' என்பதே அவர் பெயராகிவிட்டது. சொந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் எங்கள் தெருவில் திருதிருவென்று விழிப்பார்கள்.

2. மொட்டை மாடியில் சூரியத் தகடுகள் போடலாம் என்ற யோசனை அவருடையது. வீடு வீடாக ஏறி இறங்கிப் பேசி எல்லோரையும் சம்மதிக்க வைத்தார். தங்கள் அலுவலகமும் முறைப்படி ஒப்புதல் தந்தது. பகலில் எங்களுக்கு மிஞ்சும் மின்சாரம் தங்கள் கம்பிக்குப் போகும். இரவில் தங்கள் கம்பியிலிருந்து நாங்கள் எடுத்துக்கொள்வோம். கொடுத்ததையும் எடுத்ததையும் கழித்து மீதிக்கு மட்டும் பில் வரும். சேமித்து வைக்கும் பேட்டரி எங்களிடம் இல்லை. அதற்கு வசதியும் இல்லை.

3. அதோடு நிறுத்தியிருக்கலாம். எங்கள் ஆட்களுக்குச் சும்மா இருக்கத் தெரியாது. பில்லில் சைபர் விழவேண்டும் என்று கங்கணம் கட்டிக்கொண்டார்கள். பழைய குண்டு பல்புகளைக் கழற்றினோம். துணி தேய்ப்பதற்கு முறை வைத்தோம். இரண்டாம் மாடிப் புதுமணத் தம்பதி பிரிட்ஜையே நிறுத்திவிட்டு அதற்குள் புத்தகம் அடுக்கினார்கள். மூன்றாம் மாடியில் வங்கிக் காசாளராக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் மட்டும், "விசிறியை நிறுத்திட்டு நியூஸ் பேப்பரால விசிறிக்கிறதுக்குப் பேரு முன்னேற்றமா?" என்று கடைசிவரை முணுமுணுத்தார். முணுமுணுத்துக்கொண்டே அவரும் விசிறியை நிறுத்தினார்.

இதில் உச்சக்கட்டம், மீட்டர் பார்க்க வரும் நாள். அன்று பிற்பகல் எல்லா வீட்டிலும் மெயின் சுவிட்சை இறக்கிவிட்டு, லிப்டையும் நிறுத்திவிட்டு, மொட்டை மாடியில் தகடுகளின் நிழலில் உட்கார்ந்து கதை பேசுவோம். மீட்டர் பார்க்க வருபவர் கண்ணெதிரே எங்கள் கட்டடத்துக்குள் ஒரு துளி மின்சாரம்கூட ஓடக்கூடாது என்பது எங்கள் வீம்பு. யாரும் கேட்காத வீம்புதான், ஒப்புக்கொள்கிறேன்.

4. சென்ற கோடையில் தகடுகளில் படிந்த தூசியைக் கழுவும்போது என் கணவர் ஈரத்தரையில் வழுக்கி விழுந்தார். முழங்கால் நொறுங்கிவிட்டது. அறுவைச் சிகிச்சை செய்து, உள்ளே தகடு வைத்து, கட்டுப்போட்டு அனுப்பினார்கள். "மேலயும் தகடு, கால்லயும் தகடு. இனிமே வெயில்ல நின்னா எனக்கும் கரண்ட் வரும்" என்று பார்க்க வந்தவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார். அப்போது அவருக்குச் சிரிப்பு வந்துகொண்டிருந்தது.

5. மாதா மாதம் சைபர் விழுந்ததால் தங்கள் கணினிக்குச் சந்தேகம் வந்திருக்கிறது. தங்கள் கள ஆய்வாளர் நேரில் பார்க்க வந்தார். அவர் வந்து சேர்ந்தது, பார்த்துப் பார்த்து, அந்த மீட்டர் நாள் பிற்பகலில். விளக்கில்லை, விசிறிச் சத்தமில்லை, லிப்ட் இல்லை. பாவம், ஐந்து மாடியும் நடந்தே ஏறி ஒவ்வொரு வீட்டு அழைப்புமணியையும் அழுத்தியிருக்கிறார். மெயின் இறக்கிய வீட்டில் மணி எப்படி அடிக்கும்? நாங்கள் தலைக்கு மேலே உட்கார்ந்து ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்தோம். மாடிப்படி ஏற முடியாத என் கணவர் மட்டும் வீட்டுக்குள் கட்டுப்போட்ட காலோடு படுத்திருந்தார். அன்று மாலை அவர் என்னிடம், "யாரோ வாசல்ல வந்து நின்னு மூச்சு வாங்கிட்டுப் போனாங்க. நான் குரல் கொடுக்கறதுக்குள்ள இறங்கிட்டாங்க" என்றார். நானும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

6. 'கட்டடத்தில் எவரும் இல்லை' என்று ஆய்வாளர் எழுதியதன் பேரில் தாங்கள் அனுப்பிய அறிவிப்பு, படிக்கட்டுக்குக் கீழே இருக்கும் மீட்டர் அறையில் ஒட்டப்பட்டது. குடியிருப்பவர்களில் அந்த அறைக்குள் போகிற ஒரே ஆள் என் கணவர். அவரோ மேலே படுக்கையில். கெடு முடிந்த காலையில் தங்கள் ஆட்கள் வந்து இணைப்பை எடுத்து, மெயின் பலகைக்கு முத்திரை வைத்தார்கள். முதல் மாடி அம்மா ஈரக்கையோடு ஓடிப்போய், "ஐயோ, நாங்க எல்லாரும் குடியிருக்கோம்ங்க!" என்று கத்தியிருக்கிறார். "நீங்க இருக்கறது எனக்குத் தெரியுதும்மா. பேப்பர்ல இல்லையே" என்று பதில் வந்தது.

7. தகடுகள் இருக்கின்றனவே, அதில் ஓட்டிக்கொள்ளலாமே என்று தாங்கள் நினைக்கக்கூடாது என்பதற்காகச் சொல்கிறேன். தங்களுக்குத் தெரியாததல்ல. தங்கள் கம்பியில் மின்சாரம் இருந்தால்தான், தகட்டு மின்சாரத்தை வீட்டுக்கு ஏற்றபடி மாற்றித் தரும் எங்கள் கருவி வேலை செய்யும். கம்பி செத்தால் அதுவும் தானே நின்றுவிடும். கம்பத்தில் வேலை செய்யும் ஊழியர்மீது எங்கள் மின்சாரம் பாய்ந்துவிடாமல் இருக்கச் செய்த ஏற்பாடு அது. ஆகவே இப்போது தலைக்கு மேலே வெயில் கொட்டுகிறது, தகடுகள் பளபளவென்று மின்னுகின்றன, கீழே கைபேசிக்கு சார்ஜ் போடத் தெருமுனைக் கடைக்கு நடக்கிறோம். தண்ணீர் ஏற்ற மோட்டார் இல்லை, குடத்தில் சுமக்கிறோம். வாடகைக்கு ஜெனரேட்டர் கொண்டுவந்தோம். முத்திரையை உடைக்காமல் அதை இணைக்க முடியாது, உடைத்தால் குற்றம் என்று வந்த வண்டியிலேயே திருப்பி அனுப்பச் சொன்னார் என் கணவர்.

8. ஐயா, இனி என் சொந்தக் குறை. கட்டுப் பிரித்த பிறகு வாரந்தோறும் மருத்துவமனைக்குப் போய் முழங்காலை மடக்கும் பயிற்சி எடுக்க வேண்டும். கட்டுப் பிரித்த அதே வாரத்தில்தான் லிப்ட் நின்றது. முதல் தடவை பக்கத்து வீட்டு ஆண்கள் அவரைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்துத் தூக்கிப்போனார்கள். இரண்டாம் தடவை, படிக்கட்டு திரும்பும் இடத்தில் நாற்காலியின் கால் மளுக்கென்று ஒடிந்தது. கைப்பிடியை எட்டிப் பிடித்திராவிட்டால் அன்றைக்கே கதை முடிந்திருக்கும். அந்தக் காலோடு சுவரில் சாய்ந்து நின்றுகொண்டு, "போதும்ப்பா. என்னை சாமான் மாதிரி தூக்காதீங்க. யாராவது என்னோட சேர்ந்து உருண்டா அந்தப் பாவத்தை நான் எங்க போய்க் கொட்டுவேன்?" என்றார். அதன்பின் அவர் கீழே இறங்கவில்லை.

மருத்துவமனையில் நல்ல மனதோடு ஒரு வழி சொன்னார்கள். காலைத் தானாக மடக்கி நீட்டும் சிறிய இயந்திரம் ஒன்று இருக்கிறதாம். "வீட்டுக்கே எடுத்துட்டுப் போங்கம்மா, பிளக்ல சொருகினா போதும்" என்றார் பயிற்சி தரும் பெண். எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. இந்த மாதமும் கை நழுவினால் முட்டி அப்படியே இறுகிவிடும், பிறகு திரும்பவும் கத்தி வைத்தாலும் மடங்கும் என்று உறுதி சொல்ல முடியாது என்கிறார் மருத்துவர். ஏணியில் ஏறிப் பிழைக்கிறவருக்குக் கால் மடங்காவிட்டால் என்ன மிச்சம் என்பதைத் தங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

9. குறுக்கு வழியும் இருந்தது, மறைக்காமல் சொல்கிறேன். நான்காம் மாடி மெக்கானிக் தம்பி வந்து, "அண்ணே, ஒரே ஒரு வயரை மாத்தி விட்டா தகட்டு கரண்ட்ல லிப்ட் ஓடும். நீங்க வாயால சொல்லுங்க, நான் செய்யறேன்" என்றான். நானும், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், செய்துவிடுங்கள் என்று கெஞ்சினேன். என் கணவர் படுத்தபடியே தலையை ஆட்டினார். "அந்தப் பக்கம் கம்பில எவனாவது கைவெச்சிருந்தா? அவனுக்கும் ஒரு வீடு இருக்கும், வீட்ல உன்னை மாதிரி ஒருத்தி இருப்பா" என்றார். தங்கள் ஊழியர் ஒருவரின் உயிரை நினைத்துத் தன் காலை விட்டுக்கொடுத்துக்கொண்டிருக்கிறார் ஐயா, தங்கள் கணக்கில் இல்லாத இந்த மனிதர்.

10. தங்கள் அலுவலகத்துக்கு நான் நடையாய் நடந்தேன். ஆள் குடியிருப்பதற்கு அத்தாட்சி வேண்டும் என்றார்கள். என்ன அத்தாட்சி என்றேன். அண்மை மாதங்களில் மின்சாரம் பயன்படுத்திய பில் என்றார்கள். சைபர் பில்லைக் காட்டினேன். "இதுல பயன்பாடே இல்லையேம்மா" என்றார் ஜன்னலில் இருந்தவர். சரி, இணைப்பைக் கொடுங்கள், பயன்படுத்திக் காட்டுகிறேன் என்றேன். குடியிருப்பவர்களுக்குத்தான் இணைப்பு என்றார். நான் கோபத்தில், "அப்போ உங்க முன்னாடி நின்னு பேசிட்டிருக்கறது யாரு, பேயா?" என்று கேட்டுவிட்டேன். அவர் பேனாவை மூடிவைத்துவிட்டார். அந்த ஒரு வார்த்தைக்காக இந்த மனுவின் வழியே அவரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். மற்ற வார்த்தைகளுக்குக் கேட்க மாட்டேன்.

11. மறு ஆய்வுக்கு உத்தரவு வாங்கினேன். அதே ஆய்வாளர் மறுபடி வந்தார். நான் வேலைக்குப் போயிருந்த நேரம். நேரே மேலிருந்து தொடங்கலாம் என்று ஐந்தாம் மாடிக்கு ஏறி, எங்கள் வீட்டு அழைப்புமணியை அழுத்தி, நின்று பார்த்து, மற்ற வீடுகளைப் பார்க்காமலே இறங்கிப் போய்விட்டார். தாங்கள் துண்டித்த மணியைத் தங்கள் ஆளே அழுத்திவிட்டுப் பதில் இல்லை என்று எழுதியிருக்கிறார்! உள்ளே என் கணவர் காலடிச் சத்தம் கேட்டுக் கட்டிலிலிருந்து எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்திருக்கிறார். அவர் கதவைத் திறந்தபோது படிக்கட்டில் யாரும் இல்லை. நான் மாலையில் வந்து பார்க்கும்போது கதவு திறந்தே கிடந்தது. அவர் வாசற்படியில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். "ரெண்டாவது தடவை" என்றார்.  

12. இந்த நிலையில், சென்ற வாரம் அஞ்சல்காரர் ஐந்து மாடி ஏறிவந்து, கதவைத் தட்டி, என் கணவரிடம் கையெழுத்து வாங்கி ஓர் உறையைக் கொடுத்தார். அவருக்கு நாங்கள் குடியிருப்பது தெரிந்திருக்கிறது. உறைக்குள் தங்கள் அலுவலகத்தின் மின்சிக்கன விழா அழைப்பிதழ். 'சிறந்த மின்சிக்கனக் குடியிருப்பு' என்ற விருதுக்கு எங்கள் கட்டடத்தைத் தேர்ந்தெடுத்திருக்கிறீர்களாம். மிகக் குறைந்த பயன்பாட்டுக்காகவாம். முயற்சிக்கு முன்னின்ற என் கணவர் மேடைக்கு நேரில் வந்து தங்கள் கையால் கேடயம் பெற்றுக்கொள்ள வேண்டுமாம். வராதவர்களுக்குக் கேடயம் தரப்படாது என்றும் அடியில் அச்சிட்டிருக்கிறது.

நான் படித்துக் காட்டினேன். முதலில் வாய்விட்டுச் சிரித்தார். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். பிறகு, "எனக்கு நல்ல சட்டை இருக்கா?" என்று கேட்டார். இருக்கிறது என்றேன். "எப்படி இறங்கறது?" என்றார்.  சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். வீட்டுக்குள் இருட்டிக்கொண்டு வந்தது. சுவிட்சைப் போட்டால் எரியும் விளக்கும் இல்லை.

13. ஆகவே ஐயா, ஒரே கட்டடத்தில் ஆள் இல்லை என்றும் அங்கு வசிப்பவர்கள் சிறந்தவர்கள் என்றும் ஒரே கையால் எழுதியிருப்பதைத் தாங்களே பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டுகிறேன். இரண்டில் எது பொய்யோ அதை ரத்து செய்யுங்கள். இணைப்பை இந்த வாரத்துக்குள் தரவேண்டும். விருதுக்காக நாங்கள் விண்ணப்பித்ததே இல்லை, லிப்டுக்காகத்தான் நடந்துகொண்டிருக்கிறேன்.

மேடைக்கு அவரால் வர முடியாது. ஆகையால் அந்தக் கேடயத்தைத் தாங்களே எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுக்கும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். ஏறுவது சிரமம்தான். மூன்றாம் மாடிப் பெரியவர் இளைப்பாற நாற்காலி போட்டு வைக்கிறேன் என்றிருக்கிறார். அதற்கு நான்கு காலும் சரியாக இருக்கின்றன. ஏறிவந்து, கண்ணால் பார்த்து, இங்கே ஆள் இருக்கிறது என்று தங்கள் கையால் ஒரு வரி எழுதினால் போதும். அதைவிடப் பெரிய விருது எங்களுக்கு வேண்டாம்.

வரும்போது அழைப்புமணியை அழுத்த வேண்டாம், அது அடிக்காது. கதவைத் தட்டுங்கள். நான் வேலையில் இருப்பேன். அவர்தான் எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு, அந்தக் காலை இழுத்துக்கொண்டு வரவேண்டும். நேரமாகும். தயவுசெய்து அதுவரை வாசலில் நில்லுங்கள். ஆள் இல்லை என்று எழுதிக்கொண்டு இறங்கிவிடாதீர்கள்.

நாள்: விழாவுக்கு முந்தைய திங்கட்கிழமை
இடம்: ஐந்தாம் மாடி

இங்கேயே குடியிருக்கும்,
(கையொப்பம்)
பியூஸ் அண்ணனின் மனைவி