ஆறாம் எண்ணுக்குப் போன மஞ்சள் அட்டை

பிப். 9, ஞாயிறு

காலையிலேயே வெயில். கடல்காற்று பதினோரு மணிக்குத்தான். எர்ணாவூர் மைதானம், பெண்கள் கால்பந்து அரையிறுதி, நான் நடுவர். விசில் இரண்டு, அட்டைகள், குறிப்புச் சீட்டு, பென்சில். சாக்ஸ் ஓட்டை.

வியாசர்பாடி அணி 1–0 வெற்றி. ஆனால் 70வது நிமிடம் அவர்களின் 6ஆம் எண் ரேவதி, எதிராளியின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். மஞ்சள் காட்டினேன். சீட்டைப் பார்த்தால் முதல் பாதியிலேயே 6க்கு ஒன்று. ஒரே ஆட்டத்தில் இரண்டு மஞ்சள் என்றால் சிவப்பு. வெளியே அனுப்பினேன். பதிலுக்கு ஆள் இறங்கக் கூடாது, மீதியைப் பத்துப் பேரோடு ஆடினார்கள். அடுத்த ஞாயிறு இறுதி ஆட்டமும் அவளுக்குக் கிடையாது.

போகும்போது சத்தம் போடாமல் சொன்னாள்: “எனக்கு இதான்க்கா மொத மஞ்ச. மொத பாதில நீ அஞ்சலிக்குத்தான் காமிச்ச.”

நான் சீட்டை நம்பினேன்.

பிப். 10, திங்கள்

கண்டெய்னர் யார்டு கேட்டில் காலை ஷிப்ட். லாரி வரிசை விம்கோ நகர் வரை. சாப்பாட்டு நேரத்தில் கோட்டு நடுவர் மூர்த்தி அனுப்பிய வீடியோ, யாரோ கேலரியிலிருந்து எடுத்தது. 20வது நிமிடம் எதிராளியின் காலை வாரிவிட்டவள் அஞ்சலி, ரேவதியின் அணியிலேயே 9ஆம் எண். மஞ்சளும் அவள் முகத்துக்கு நேரேதான். ரேவதி பக்கத்தில் நின்று என்னிடம் நியாயம் பேசுகிறாள். அவளைப் பார்த்துக்கொண்டே 6 என்று எழுதியிருக்கிறேன்.

நான்கு முறை பார்த்தேன்.

பிப். 11, செவ்வாய்

ஆட்ட அறிக்கை நாளைக்குள். ஆட்டம் மறுபடி தொடங்கிவிட்டால் மைதானத்தில் தீர்ப்பை மாற்ற முடியாது. ஆள் மாறிப்போனதை அறிக்கையில் எழுதலாம், குழு திருத்தும்.

சிக்கல் ஒன்று: அஞ்சலிக்குக் கால் இறுதியில் ஏற்கனவே ஒரு மஞ்சள். இதுவும் சேர்ந்தால், இந்தத் தொடரின் விதிப்படி அடுத்த ஆட்டத்துக்குத் தடை. இறுதி ஆட்டத்துக்கோ, விளையாட்டு ஒதுக்கீட்டு வேலைக்கு ஆள் பார்க்க வருகிறார்கள். இருவரில் ஒருத்திதான் ஆட முடியும். எனக்கும் அது நடுவராக முதல் இறுதி ஆட்டம்.

வீட்டுக்காரர் கடலுக்குப் போய்த் திரும்பி, அசதியாகப் படுத்திருந்தார். சொன்னேன்.

“யாரும் கேக்கல. நீயே போயி இன்னாத்துக்கு மாட்டிக்கற?” என்றார். கொஞ்சம் கழித்து அவரே, “அப்போ அந்த ரேவதிப் பொண்ணு இன்னா பண்ணும்?”

எழுதினேன். ஒரு பக்கம். வீடியோவோடு அனுப்பியாயிற்று.

பிப். 13, வியாழன்

குழுவின் முடிவு: ரேவதியின் சிவப்பு ரத்து, 70வது நிமிட மஞ்சள் மட்டும் நிற்கும். அஞ்சலிக்குத் தடை. இறுதிக்கு வேறு நடுவர். நான் நான்காவது நடுவர், ஆள் மாற்றும் பலகை தூக்குவது. எதிர்பார்த்ததுதான், ஆனாலும் வலித்தது.

கேஸ் சிலிண்டர் புக் பண்ணணும். வஞ்சிரம் நன்றாக இருந்தது, வாங்கினேன்.

பிப். 16, ஞாயிறு

மேகமூட்டம். இடைவேளை வரை 0–0. ரேவதி நன்றாக ஆடுகிறாள், என் பக்கம் திரும்பவே இல்லை.

அஞ்சலி கேலரியிலிருந்து இறங்கி என் மேசைக்கு வந்தாள். திட்டப்போகிறாள் என்று நினைத்தேன்.

“ரேவதி சொன்னது நெசம்தான்க்கா. எனக்குத்தான் காமிச்ச. அவள வெளிய அனுப்பும்போது நான் அங்கதான் நின்னுகினு இருந்தேன். வாயத் தொறக்கல.”

அதிலிருந்து ரேவதி அவளிடம் பேசுவதில்லையாம். தடை வாங்கியவள் கோட்டருகே நிற்கக் கூடாது. போகச் சொல்ல மனம் வரவில்லை.

இரண்டாம் பாதிக்கு இறங்கும்போது ரேவதி அவளைப் பார்த்து நின்றாள். கையிலிருந்த தண்ணீர் பாட்டிலை அவளிடம் எறிந்துவிட்டு உள்ளே ஓடினாள். அஞ்சலி பிடித்துக்கொண்டாள். விசில்.