காசியில் விட வேண்டியது

இன்று அஸர் தொழுதுவிட்டு எழும்பும்போது உன் மகள் வந்தாள். கையில் நீல உறை போட்ட உன் கொப்பி. திறந்ததும் கற்பூரம் மணத்தது. சாமித்தட்டில் வைத்திருந்திருக்கிறாய். உள்ளே இருந்ததோ முழுக்க என் கையெழுத்து.

நீ கண்ணை மூடி மூன்று மாதமாகிறது. உனக்குப் பதிலாக உன் மகள் காசிக்குப் போகிறாளாம். திட்டமெல்லாம் மாமி நீங்கள் எழுதிய கொப்பியிலேயே இருக்கிறது, ஒருதரம் விளங்கப்படுத்துங்கள் என்று கேட்டு வந்திருந்தாள்.

வாசித்துக் காட்டினேன். கட்டுநாயக்காவில் விமானம், சென்னையில் ஒரு நாள், பிறகு வாரணாசி. முதல் நாள் விசுவநாதர், மறுநாள் அன்னபூரணி, பொழுதுபடும்போது படகில் இருந்தபடி கங்கை ஆரத்தி. ஐந்து வேளை தொழுகிற ஒருத்தி சாய்ந்தமருதில் குந்திக்கொண்டு காசியின் படித்துறைகளை வரிசைப்படுத்தி எழுதியிருக்கிறாள் என்றால் யார் நம்புவார்கள்? கல்முனையில் ஒரே கந்தோரில் பக்கத்துப் பக்கத்துக் கதிரையில் இருபத்தொரு வருடம் இருந்தோம். அன்றும் எழுத்து வேலையெல்லாம் என் தலையில்தான். "என்ட எழுத்த எனக்கே வாசிக்க ஏலா மச்சாள், நீ எழுது" என்று பேனையைத் திணித்துவிட்டு நீ கச்சான் கொறிப்பாய். பென்சன் எடுத்த பிறகும் அந்தப் பழக்கம் மாறவில்லை.

என்னை நீ மச்சாள் என்றுதான் கூப்பிட்டாய். உன் புருஷனின் தங்கை ஒருத்தி இருக்கிறாள், அவள்தான் முறைப்படி உன் மச்சாள். அவளும் நீயும் காசிக்குப் போவதென்று முடிவானபோது, கொப்பியில் "அறை இருவருக்கு" என்று எழுதியவள் நான்தான். எழுதும்போது பேனை கொஞ்சம் ஆழமாகவே இறங்கியிருக்கிறது, இன்று தடவிப் பார்த்தேன். "நானும் வாறன்" என்று நான் சொல்லியிருக்க மாட்டேன். எனக்கு அங்கே என்ன வேலை? ஆனால் நீ ஒரு பேச்சுக்காவது கேட்டிருக்கலாம். நான் மறுத்திருப்பேன், அதோடு மனம் ஆறியிருக்கும். நீ கேட்கவேயில்லை. கார்த்திகையில் அங்கே குளிர் என்று அறிந்து என் கம்பளிச் சட்டையை மட்டும் கேட்டாய். என் சட்டை காசி பார்க்கட்டும், நான் வீட்டில் கிடக்கிறேன் என்று நினைத்துக்கொண்டே அதைத் தோய்த்து மடித்துத் தந்தேன்.

அவளோடு நீ சிரித்தால் எனக்கு வயிறு எரியும். அறுபது வயதில் இதென்ன வியாதி என்று என்னையே கேட்டிருக்கிறேன். பதில் வராது, எரிச்சல் மட்டும் வரும்.

போன நோன்புக்கு ஒரு கிழமை முந்திய பின்னேரம் அது. காரைதீவில் உன் வீட்டு முற்றத்துப் பலாவுக்குக் கீழே மூன்று பேரும் இருந்தோம். காசிக்குப் போனால் பிடித்த சாப்பாடு ஒன்றை அங்கேயே விட்டுவிட வேண்டும், பிறகு ஆயுள் முழுக்கத் தொடக்கூடாது என்று நீதான் எனக்கு விளக்கினாய். உன் மச்சாள் உடனே, தான் பாகற்காயை விடப்போவதாகச் சொன்னாள்.

"உனக்குப் பாகற்காய் கண்ணிலயும் காட்டேலாது. சாமியைப் பேய்க்காட்டவா இவ்வளவு தூரம் போறாய்?" என்று நீ சிரித்தாய்.

அவள் தேத்தண்ணி போட உள்ளே எழும்பிப் போனதும் நான் கேட்டேன், "அப்ப நீ என்னத்த விடப் போறாய்?"

யோசிக்கவேயில்லை நீ. "உன்ட நோன்புக் கஞ்சியத்தான்" என்றாய். "அதை விடப் பிடிச்சது எனக்கு வேறென்ன கிடக்கு மச்சாள்?"

வேறொருத்தியாக இருந்தால் அந்த இடத்திலேயே உன்னைக் கட்டிப்பிடித்திருப்பாள். உனக்காகவே வருடா வருடம் தனிச் சட்டி வைத்தேன் நான். எங்களுக்கு மாட்டிறைச்சி போட்ட பெரிய சட்டி, உனக்கு இறைச்சி படாமல் ரம்பை இலையும் வெந்தயமும் தேங்காய்ப்பாலும் மட்டும் விட்டுச் சின்னச் சட்டி. முதலில் இறக்குவது சின்னச் சட்டியைத்தான். முப்பது நாளும் எங்கட மனுசன் மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்து தருவார். அதைத்தான் கொண்டுபோய் ஒரு ஆற்றங்கரையில் விடப்போகிறேன் என்று நீ சிரித்த முகத்தோடு சொன்னாய். உன் மச்சாளின் மீதிருந்த பொறாமை அந்த நொடியில் ஒன்றுமில்லாமல் போயிற்று. காசி என்ற ஊர் மீதே பொறாமை வந்தது. கங்கைக்குக் கேட்க என் கஞ்சிதானா கிடைத்தது? உன் கடவுளுக்கு நீ மிகப் பெரியதைக் கொடுக்க நினைத்தாய் என்பது இன்று விளங்குகிறது. அன்று, என்னை விட்டுவிட்டு வரப்போகிறாய் என்பது மட்டுமே விளங்கியது.

நோன்பு பிடித்தது. முதல் நாள் அடுப்பில் பெரிய சட்டி மட்டும்தான் வைத்தேன்.

"காரைதீவுக்குக் கஞ்சி இல்லையா?" என்று கேட்டார் எங்கட மனுசன்.

"அவ காசிக்குப் போறவ. இப்பவே விட்டுப் பழகட்டும்."

"அது அவட இஷ்டம். குடுக்கிறது உன்ட கடமை" என்று முணுமுணுத்தார். நான் கேளாதவள் போல அகப்பையால் கஞ்சியைத் துழாவினேன். நாளைக்கு அனுப்புவோம் என்று இரண்டாம் நாள் நினைத்தேன். ஐந்தாம் நாள், அவளே கேட்கட்டுமே என்று நினைத்தேன். பத்தாம் நாளுக்குப் பிறகு அனுப்புவதற்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்தையும் வீம்பையும் மாறி மாறிச் சாட்டி ஒரு நோன்பு மாதத்தைக் கடத்தினேன். அந்த மாதம் நான் பட்டினி கிடந்ததற்கு அல்லாஹ் என்ன கூலி எழுதியிருப்பானோ தெரியாது.

பெருநாளைக்கு நீ கதலி வாழைப்பழச் சீப்போடு வந்தாய். வட்டிலப்பம் சாப்பிட்டாய். எங்கட மனுசனின் சீனி வருத்தத்தைப் பற்றிக் கதைத்தாய். கஞ்சியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. உனக்கு அது ஒரு பொருட்டே இல்லை என்று அதற்கும் கோபப்பட்டவள் நான். அடுத்த நோன்புக்குப் பார்க்கலாம் என்று இருந்தேன். ஆடியில் ஒரு காலை, பூப்பறித்துக்கொண்டு நின்ற இடத்திலேயே நீ சரிந்து விழுந்துவிட்டாய். காசியையும் பார்க்கவில்லை, கஞ்சியையும் குடிக்கவில்லை.

இன்று உன் மகள் கொப்பியை மூடிவிட்டுக் கடைசியாகக் கேட்டாள்.

"மாமி, அம்மா காசியில என்னத்த விடுறதெண்டு இருந்தவ? அவட பேரில நான் அதை விட்டுட்டு வரவேணும். அத்தைக்குத் தெரியாதாம். மாமிக்கிட்டத்தான் சொல்லியிருப்பா எண்டு சொன்னா."

உன் மச்சாளுக்குத் தெரியாது, எனக்குத்தான் தெரியும். அந்த நேரத்திலும் நெஞ்சுக்குள் ஒரு குளிர்ச்சி பரவியது, என்னை நான் என்ன சொல்ல? அடுத்த கணமே பயம் பிடித்தது. உன் மகளும் அந்தச் சின்னச் சட்டியில் குடித்து வளர்ந்தவள். உண்மையைச் சொன்னால் உன் வீட்டில் என் கஞ்சிக்கு இனி வாசல் இல்லை.

"பலாப்பழம்" என்றேன்.

பிள்ளையின் முகம் சுருங்கிப் போனது. பலாச்சுளை என்றால் உயிரையே கொடுப்பவள் அவள். ஆனாலும் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதிக்கொண்டு எழும்பினாள். செருப்பைப் போட்டுப் படலை வரைக்கும் போய்விட்டாள். தாயின் பெயரால் ஒரு பொய்க்கு ஆயுள் முழுக்கப் பத்தியம் இருக்கப் போகிறாள். எனக்குப் பொறுக்கவில்லை.

"மகள், நில்லு. பலாப்பழம் இல்ல. கஞ்சி. என்ட நோன்புக் கஞ்சி."

திரும்பி வந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். ஏன் அனுப்பவில்லை என்பதையும் சொன்னேன். அவள் கோபப்பட்டிருந்தால் சுகமாக இருந்திருக்கும்.

"அம்மா ஒவ்வொரு நாளும் அஞ்சு மணிக்குக் கேற்றடியில வந்து நிண்டவ மாமி" என்றாள். "முப்பது நாளும் நிண்டவ. நான் ஏசினதுக்கு, மச்சாளுக்குக் கை ஏலாமப் போச்சோ தெரியா, கேட்டா வெக்கப்படுவா, நீ வாயத் திறக்காத எண்டு சொல்லிட்டா."

பிறகு என் முகத்தைப் பார்த்துக் கேட்டாள், "அப்ப நான் கஞ்சிய விட்டுட்டு வரட்டா மாமி?"

"ஓம் மகள்" என்றேன். "விட்டுட்டு வா."

அவள் போய்விட்டாள். காசி மீது எனக்கு இருந்த எரிச்சல் தணிந்துவிட்டது என்று எழுதினால் நீ நம்ப மாட்டாய். தணியவில்லை. உன்னுடைய காசியில் ஒரு ஆறு இருக்கிறது, செய்த பாவத்தைப் போய் விட்டுவிட்டு வரலாம் என்கிறார்கள். என் மார்க்கத்தில், அல்லாஹ்வுக்குச் செய்த பிழையை அவன் மன்னிப்பான், மனிதருக்குச் செய்த பிழையை அந்த மனிதர்தான் மன்னிக்க வேண்டும். அந்த மனிதர் நீ. உன்னிடம் வாய்விட்டு ஒருதரம் மாப்புக் கேட்க, முப்பது பின்னேரமும் நீ கேற்றடியில் நின்று எனக்குத் தவணை தந்திருக்கிறாய். நான்தான் வரவில்லை.