எல்லாக் கட்டத்திலும் டிக்

12 ஆகஸ்ட் 2024, திங்கள்

சென்னையிலிருந்து என் லிட்டில் இந்தியா கடைக்குக் கப்பல் பெட்டி வந்து இறங்கியது. நாற்பது பிரியாணி அண்டாவில் மூன்றுக்கு விளிம்பு நெளிந்திருக்கிறது. அனுப்பியவன் கப்பல்காரன் தலையில் போடப் பார்த்தான். காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று போனிலேயே வரி வரியாகப் படித்துக் காட்டினேன், அடங்கிவிட்டான். முப்பத்திரண்டு வருடமாக எனக்குச் சோறு போடுவது இந்த ஒரு வித்தைதான்.

ஏழு மணிக்கு வகுப்பு. அறுபது வயதில், பகுதி நேரமாக, வட்டார வரலாற்றில் முதுகலை. எங்கள் கூட்டத்தைப் பார்த்தால் யாருக்கும் சிரிப்பு வரும். சிறை அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்ற டெரன்ஸ், மருத்துவமனைத் தாதி நஸீஹா, பள்ளி ஆசிரியை டானியலா, பாத்திரக் கடை அற்புதமேரியாகிய நான். வகுப்பில் இருக்கும் இரண்டு சின்னப் பிள்ளைகள் எங்களையே மியூசியத்துச் சாமான் மாதிரிப் பார்க்கிறார்கள்.

டானியலா வழக்கம்போல எனக்கு இடம் பிடித்து வைத்திருந்தாள். எங்கள் மாதா கோயில் பெண். இந்தப் படிப்புக்கு என்னை இழுத்து வந்ததே அவள்தான். என் ஆங்கிலத்தைத் திருத்தித் தருவாள். நான் அவளுக்கு மீன் குழம்பு கொண்டுபோவேன். இருவருக்கும் ஒரே விஷயம்: செம்பவாங் கடற்படைத் தளத்தை வெள்ளைக்காரன் விட்டுப் போனபோது அங்கே வேலை பார்த்த தமிழர்கள் என்ன ஆனார்கள் என்பது. நான் ஆண்களைப் பற்றி எழுதுகிறேன். அவள் அவர்கள் குடும்பங்களைப் பற்றி எழுதுகிறாள்.

21 ஆகஸ்ட், புதன்

செம்பவாங் போய்ப் பரமசிவம் மாமாவைப் பதிவு செய்தேன். எண்பத்தைந்து வயது, கப்பல் பட்டறையில் பாய்லர் வேலை பார்த்தவர். ஒரு மணி நேரம் சாப்பாடு, கால்பந்து, மேஸ்திரியின் வாய் என்று போய்க்கொண்டிருந்தது. பிறகு அவராகவே ஆரம்பித்தார். ஆள் குறைப்புப் பட்டியலில் அவர் பெயர் இருந்ததாம். எழுதும் கிளார்க் தெரிந்தவன்.

“என் பேரை அடிச்சுட்டுத் தங்கராஜு பேரை எழுத வச்சேன் மா. அவனுக்கு வேலையும் போச்சு, இங்க தங்குற பெர்மிட்டும் போச்சு. கப்பல் ஏறுற அன்னைக்கு வழியனுப்ப என்னைத்தான் கூப்பிட்டான்.”

தங்கராஜுவின் மனைவியும் மகனும் இங்கேயே தங்கிவிட்டார்களாம். அந்த மகன் இப்போதும் பொங்கலுக்குப் பொங்கல் மாமாவைப் பார்க்க வருகிறான்.

இப்படி ஒரு சரக்கு எந்தப் புத்தகத்திலும் கிடைக்காது. இனி என் தீசிஸ் தேறிவிடும். எழுந்து வரும்போது சம்மதப் படிவத்தில் கையெழுத்து வாங்கினேன். மாமா கண்ணாடிகூடப் போடவில்லை. நான்கு கட்டத்திலும் நானே டிக் போட்டுக் கொடுத்தேன். சுங்கப் படிவத்தில் பழகிய கை. ஒரு கட்டம் காலியாக இருந்தால் பெட்டி வெளியே வராது.

5 செப்டம்பர், வியாழன்

தூங்குமுன் எழுதிவிடுகிறேன்.

இந்த வாரம் ஒருவர் எழுதியதை இன்னொருவர் படித்துக் குறை சொல்ல வேண்டும். டானியலாவின் கட்டு டெரன்ஸுக்குப் போனது. கேன்டீனில் அதை என் பக்கம் தள்ளி, “மேரி, இந்த ஏழாம் நம்பர் ஆளு உங்க மாதிரியே பேசுறாங்க லா” என்று சிரித்தார்.

படித்தேன். ‘நபர் 7: பெண், அறுபது வயது, கத்தோலிக்கர், லிட்டில் இந்தியாவில் எவர்சில்வர் பாத்திர வியாபாரி.’

அதற்குக் கீழே என் அப்பா.

இந்த டைரியில்கூட இதை நான் எழுதியதில்லை. தளம் மூடியபோது அப்பாவுக்கும் வேலை போயிற்று. 1972-இல் ஊருக்குப் போனவர் திரும்பவில்லை. அங்கே வேறு குடும்பம் என்று கடிதம் வந்தது. அம்மா அதை அடுப்பில் போட்டாள். காய்ச்சலில் இறந்துவிட்டார் என்று எல்லாருக்கும் சொன்னாள். எனக்கு எட்டு வயது, தெரியும். தம்பி எட்மண்ட் கைக்குழந்தை. அவனுக்கு இன்றுவரை தெரியாது. ஒவ்வொரு நவம்பரும் இறந்தவர்கள் பட்டியலில் அப்பா பெயரைக் கொடுத்துக் கோயிலில் பூசை வைத்தோம். அவர் உண்மையில் செத்தது 1989-இல். பதினேழு வருடம், உயிரோடு இருந்த மனிதருக்கு.

முதல் பருவத்தில் பயிற்சிக்காக ஒருவரை ஒருவர் பேட்டி எடுக்கச் சொன்னார்கள். டானியலாவும் நானும் ஜோடி. அவளிடம் மட்டும் சொன்னேன். சொல்லிவிட்டு அழுதேன். அவளும்தான் அழுதாள்!

நான் சொன்ன வாக்கியத்தை அப்படியே ஆங்கிலத்தில் போட்டிருக்கிறாள்: ‘ஒரு ஆளைச் செத்துட்டான்னு சொல்றது சுலபம், வருசா வருசம் சாகடிக்கிறதுதான் கஷ்டம்.’ அழகாக மொழிபெயர்த்திருக்கிறாள். என் ஆங்கிலத்தைத் திருத்திய அதே கை.

6 செப்டம்பர், வெள்ளி

கடை திறந்தேன். யாரிடம் என்ன விற்றேன் என்று தெரியவில்லை.

8 செப்டம்பர், ஞாயிறு

வேளாங்கண்ணி மாதா திருநாள். கோயிலில் கால் வைக்க இடமில்லை. பூசை முடிந்ததும் டானியலாவைப் படிக்கட்டோரம் நிறுத்திக் கேட்டேன். சண்டை போடப் போகவில்லை. ஏதாவது காரணம் சொல்வாள், நம்பிவிடலாம் என்றுதான் போனேன்.

“பேரு போடலையேக்கா. வெறும் ஏழுன்னுதானே இருக்கு.”

“பாத்திரக் கடை, அறுபது வயசு, கத்தோலிக்க பொம்பளை. இந்தக் கோயில்ல அப்படி எத்தனை பேருடி இருக்காங்க?”

அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “ஃபார்ம்ல நீங்க சைன் பண்ணீங்கக்கா. ரெண்டு கட்டத்துலயும் நீங்கதான் டிக் போட்டீங்க.”

அதற்குள் எட்மண்ட் கையில் வடையோடு வந்துவிட்டான். “என்ன, ரெண்டு புரொஃபசரும் ரகசியம் பேசுறீங்க? எனக்கும் சொல்லுங்க லா.” டானியலா அவனைப் பார்த்துச் சிரித்தாள். அவன் நீட்டிய வடையை வாங்கிக்கொண்டாள். எனக்கு அந்தச் சிரிப்புதான் தாங்கவில்லை.

11 செப்டம்பர், புதன்

படிவத்தின் நகலைத் தேடி எடுத்தேன். முதல் கட்டம்: வகுப்புப் பயிற்சிக்கு மட்டும். இரண்டாவது: பிற்கால ஆய்வுக்கும். இரண்டிலும் டிக். யார் போட்டது? நான்தான். மூன்று அண்டாவுக்காகக் காகிதத்தை வரி வரியாகப் படிக்கிறவள், என் அப்பாவைக் கொடுக்கும்போது ஒரு வரியும் படிக்கவில்லை. சிநேகிதி நீட்டிய தாளை யாராவது படிப்பார்களா என்று நினைத்திருக்கிறேன் போல.

இப்போது படித்தேன். கடைசி வரியில் இருக்கிறது: தீசிஸ் ஒப்படைக்கும்வரை, காரணம் சொல்லாமலே, சம்மதத்தைத் திரும்பப் பெறலாம்.

அவள் ஒப்படைக்கும் தேதி செப்டம்பர் 30.

16 செப்டம்பர், திங்கள்

பேராசிரியரிடம் கடிதம் கொடுத்தேன். இரண்டு வரி. அவர் காரணம் கேட்கவில்லை, கேட்கக் கூடாதாம்.

17 செப்டம்பர், செவ்வாய்

டானியலா கடைக்கே வந்தாள். ஒரு வாடிக்கையாளருக்குக் குடத்தில் பேர் வெட்டிக்கொண்டிருந்தேன். மிஷினை நிறுத்தாமல் வெட்டி முடித்தேன். அதுவரை நின்றாள்.

மூன்றாம் அத்தியாயமே நான்தானாம். எடுத்தால் ஒரு பருவம் தள்ளிப்போகுமாம், பள்ளியில் கிடைத்த படிப்பு விடுப்பும் முடிந்துவிடுமாம். ஊரைக்கூட மறைத்துவிடுவதாகச் சொன்னாள், வயதை மாற்றுகிறேன் என்றாள், பாத்திரத்தை ஜவுளி ஆக்கிவிடுகிறேன் என்றாள். எனக்கு ஒரு நிமிடம் மனம் இளகியது, பொய் சொல்லவில்லை. கடைசியில் வார்த்தையை விட்டாள்.

“உங்களோடது முடியப் போறதில்லைன்னு என்னோடதைக் கெடுக்குறீங்க.”

“நான் உன்கூடப் படிக்க வந்தேன் டானியலா. நீ என்னைப் படிக்க வந்திருக்கே” என்றேன்.

போய்விட்டாள். மீன் குழம்பு கொடுத்த என் தூக்குவாளி இன்னும் அவள் வீட்டில்தான் இருக்கிறது.

30 அக்டோபர், புதன்

நாளை தீபாவளி. சிராங்கூன் ரோட்டில் நடக்க வழியில்லை. நல்லது. யோசிக்க நேரம் இல்லை.

2 நவம்பர், சனி

இறந்தவர்கள் நாள். சாமியார் பெயர்களை வாசித்தார். ‘சூசைமாணிக்கம்’ என்றதும் எட்மண்ட் எப்போதும்போல மெழுகுவத்தி ஏற்றினான். ஐம்பத்து மூன்று வயது, சர்க்கரை வியாதி. முகம் நினைவில் இல்லாத அப்பாவுக்காகக் கண் கலங்குகிறான். இரண்டு வரிசை தள்ளி டானியலா உட்கார்ந்திருந்தாள். அந்தப் பெயர் வாசிக்கப்பட்டபோது என்னைத் திரும்பிப் பார்த்தாள். இந்தக் கோயிலில் எனக்கும் அவளுக்கும் மட்டும்தான் தெரியும். தாளில் இருந்து எடுத்தாயிற்று. அவள் தலையிலிருந்து எடுக்க எந்தப் படிவமும் இல்லை.

எட்மண்டிடம் நானே சொல்லிவிடலாமா? சொல்லவில்லை.

9 நவம்பர், சனி

அத்தியாயத்துக்காகப் பரமசிவம் மாமாவின் ஃபைலைத் திறந்தேன். அந்தப் படிவம் மேலேயே இருந்தது. நான்கு டிக். நான்கும் என் கை.

மூடி வைத்துவிட்டேன்.

16 நவம்பர், சனி

செம்பவாங் போனேன். புதிதாக ஒரு வெற்றுப் படிவமும் கொண்டுபோனேன். போகாமல் இருக்க ரயிலில் ஆறு காரணம் கண்டுபிடித்தேன். மாமாவுக்கு மறந்தே போயிருக்கும் என்பது அதில் ஒன்று.

மாமாவின் மகள் தேநீர் வைத்துவிட்டு உள்ளே போனாள். அன்று படிக்காமல் கையெழுத்து வாங்கிவிட்டேன், இன்று படிக்கிறேன் என்று சொன்னேன். தமிழில் வரி வரியாகச் சொல்லிக்கொண்டு போனேன். நூலகத்தில் வைக்கலாம் என்ற நான்காவது கட்டத்தில் கையைக் காட்டி நிறுத்தினார்.

“லைப்ரரின்னா, தங்கராஜு மகன் போய்ப் படிக்கலாமா?”

“யார் வேணும்னாலும் படிக்கலாம் மாமா.”

“பேரை மாத்திட்டா?”

மாற்றலாம்தான். பாய்லரைக் கிரேன் ஆக்கலாம், தங்கராஜுவை வேறு ராஜு ஆக்கலாம். டானியலா கடையில் நின்று சொன்னதெல்லாம் என் வாய் நுனிவரை வந்தது.

“மாத்தினாலும் அந்த மகனுக்குத் தெரிஞ்சிடும் மாமா” என்றேன்.

அவர் கோப்பையைத் தள்ளி வைத்தார். “அப்போ அதை மட்டும் எடுத்துடு மா. அவன் பொங்கலுக்கு வர்றவன்.”

அது மட்டும் பதினோரு பக்கம். என் தீசிஸில் உயிருள்ள பக்கங்கள் அவைதான். அந்தப் பகுதியை அவர் எதிரிலேயே பதிவிலிருந்து அழித்தேன்.

பிறகு புதுப் படிவத்தை இழுத்துப் பேனாவை எடுத்தார். “எல்லாத்துலயும் டிக் போடணுமா?”

மகளைக் கூப்பிட்டுக் கண்ணாடி கேட்டேன். அவர் விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தார். தேநீர் ஆறி ஆடை கட்டியது. நான் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மூன்றில் டிக் போட்டார். நான்காவதைக் காலியாக விட்டுவிட்டுப் பேனாவை என்னிடம் நீட்டினார்.