நிமிடத்துக்கு ஐந்து மூச்சு

போடி
30.3.2026

அன்பு மகன் வினோத்ராஜுக்கு அம்மா எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் இங்கே நான், எபனேசர் மாமா, மாமா மகள் ஷெரின் எல்லோரும் சுகம். அயர்லாந்துக் குளிரில் நீயும் சுகமாக இருக்கத் தினமும் ஜெபிக்கிறேன். போனில் பேசலாமே, எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். அந்தப் போனுக்குள் இன்னும் என்னென்ன வைத்துவிட்டுப் போயிருக்கிறாயோ, அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

கிறிஸ்மஸ் லீவுக்கு வந்தபோது சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து அந்தப் பெல்ட்டைச் செய்தாய். இழுத்தால் கரண்ட் கூடிக் குறைகிற கறுப்பு ரப்பர் துண்டு ஒன்று, தீப்பெட்டி அளவில் ஒரு போர்டு, கடைத்தெருவில் நான் வாங்கி வந்த பாவாடை எலாஸ்டிக். நீ ஈயம் வைத்து ஒட்டும்போது ஒயரைப் பிடித்துக்கொண்டிருந்ததும் நான், கொக்கி தைத்துக் கொடுத்ததும் நான். நெஞ்சைச் சுற்றிக் கட்டினா மூச்சு இழுக்கயில ரப்பர் விரியும், ஒரு மூச்சுக்கு ஒரு தடவ லைட் மின்னும், அம்புட்டுத்தாம்மா, ஆபீஸ் எக்ஸிபிஷனுக்கு அறுபது வயசு ஆள் ஒண்ணு வேணும், மூணு மாசம் போட்டுக்க என்றாய். போன் பக்கத்துல இருந்தாத்தான் லைட் எரியும் என்றும் சொன்னாய். நம்பினேன். என் மகன் செய்தது என்று சபையில் ஒருவர் பாக்கி இல்லாமல் காட்டிப் பெருமையடித்தேன், இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

நேற்று முன்தினம் பெரிய வெள்ளிக்குப் பாட்டுப் பழகப் போனேன். இருபத்தாறு வருஷமாக அந்த ஒரு பாட்டை நான்தான் தனியாகப் பாடுகிறேன். போதகர் மனைவி ஐயரம்மா என் கையைப் பிடித்து நாற்காலியில் உட்காரவைத்து, அக்கா நீங்க கேட்டுக்கிட்டு இருங்க, இந்தத் தடவ ஷெரின் பாடட்டும், உங்களுக்கு மூச்சு நின்னு நின்னு வருதாமே, ஒங்க தம்பிதான் வந்து சொன்னாக என்றார். எல்லோர் முன்னாலும். நேராக நம் கடைக்குப் போய் மாமாவைக் கேட்டேன். ஏலக்காய் மூட்டைக்குப் பின்னால் நின்றுகொண்டு, அவன் சொல்லாதீகன்னுதான் சொன்னான் அக்கா என்று தன் போனை நீட்டினார். என் மூச்சுக் கணக்கு மூன்று மாதமாக உனக்கு வந்துகொண்டிருக்கிறது, நீ அதை மாமாவுக்கு அனுப்பியிருக்கிறாய். சனிக்கிழமை சாயங்காலம் மட்டும் நிமிடத்துக்குப் பதினாறிலிருந்து ஐந்துக்கு இறங்கிவிடுகிறதாம், ஆபத்தாம், அம்மாவுக்குக் கடையும் வேண்டாம் பாட்டும் வேண்டாம் என்று எழுதியிருக்கிறாய்.

ஏலே, சனிக்கிழமை சாயங்காலம் உன் அம்மா எங்கே இருப்பாள் என்று உனக்குத் தெரியாதா? பாட்டுப் பழகுகிற அந்த பெஞ்சில் என் மடியில் தூங்கி வளர்ந்தவன்தானே நீ. ஒரு வரியை விடாமல் இழுத்துப் பாடினால் நிமிடத்துக்கு ஐந்து மூச்சுதான் எடுக்க முடியும். யாரிடமும் கேட்க வேண்டாம், என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். அப்பாவுக்கு வந்த மூச்சிரைப்பை உன் பரீட்சை முடியட்டும் என்று மறைத்தவள் நான், இல்லையென்று சொல்லவில்லை. அதனால் என்னை நம்ப முடியவில்லை என்றால் அதை என் முகத்துக்கு நேரே சொல்லியிருக்க வேண்டும். என்னைக் கொண்டே கொக்கி தைக்கவைத்து என்னை வேவு பார்த்தது துரோகம், வேறு பெயர் எனக்குத் தெரியவில்லை.

நேற்று குருத்தோலை ஞாயிறு. சாயங்காலம் ஐந்தரை மணிக்குக் கதவைச் சாத்திக்கொண்டு, பெல்ட்டைக் கட்டிக்கொண்டு, நாலு சரணத்தையும் முழுதாகப் பாடினேன். எடுத்துப் பார், ஐந்து என்று காட்டியிருக்கும். இந்த வருஷம் என் பாட்டைக் கேட்டது நீ செய்த அந்த ரப்பர் ஒன்றுதான். பிறகு கொக்கிகளைப் பிரித்து எடுத்துவிட்டேன், பெல்ட்டை இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன்.

கர்த்தர் உன்னை ஒரு குறையும் இல்லாமல் வைத்திருக்கட்டும். காதை மூடாமல் குளிரில் போகாதே. ஒன்றை ஞாபகம் வைத்துக்கொள், என் மூச்சு எப்படி இருக்கிறது என்று தெரிய வேண்டுமானால் என்னைக் கேள். உண்மையைச் சொல்வேனா என்பது நீ கேட்கிற விதத்தில் இருக்கிறது.

கோபம் இன்னும் ஆறாத உன் அம்மா,
ஜெபமணி