கிருமி போடாத குழிகள்

அக்டோபர் 9, வியாழன்

காலையிலிருந்து தூறல். குடை பஸ்ஸிலேயே போய்விட்டது.

செல்களைக் குழி குழியாக வளர்க்கும் பிளேட்டின் ரிசல்ட் பார்த்தேன். வயிற்றெரிச்சல். டிபி கிருமி வந்திருப்பதை வெள்ளணு தெரிந்துகொள்வது தன் மேலுள்ள டிஎல்ஆர்2 ஏற்பி வழியாக. அதை அடைத்தால் செல்லின் கூச்சல் குறையும் என்பதுதான் என் தீசிஸ். ஆனால் கிருமியே போடாத குழிகளிலும் அதே கூச்சல்! செல் அலறும்போது சுரக்கும் டிஎன்எஃப் எகிறிக் கிடக்கிறது.

யாரோ கிருமியை விட்டிருக்கிறார்கள். இன்குபேட்டர் அறைச் சாவி என்னிடமும் ஜூனியர் ரேவதியிடமும்தான். ஞாயிறு தனியாக வந்திருக்கிறாள். அவள் பிளேட் மட்டும் சுத்தம். எப்படி?

அக். 10, வெள்ளி

ஹாஸ்டலில் உப்புமா. தொடவில்லை.

கைடு சாரிடம் சொல்லிவிட்டேன். பெயரோடு. ரேவதியின் சாவியை வாங்கி வைத்துக்கொண்டார். அடுத்த வாரம் அவளை வேறு லேபுக்கு மாற்றுவதாகப் பேச்சு.

காரிடாரில் மறித்தாள். "ஏனுங்க்கா, எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமில்லீங்க?" அழவில்லை. அதுவே சந்தேகம்.

அக். 13, திங்கள்

அந்தக் குழிகளுக்குச் சாயம் போட்டுப் பார்த்தேன். ஒரு டிபி கிருமிகூட இல்லை. சரி, வேறெதையோ கலந்திருக்கிறாள். கெட்டிக்காரி.

மறுபடி போட்டேன், இம்முறை டிஎல்ஆர்4-ஐ அடைத்து. அது தண்ணீரில் வரும் சாதாரணக் கிருமிகளின் மேலோட்டைக் கண்டு அலறும் ஏற்பி.

ஷாம்பூ வாங்க வேண்டும்.

அக். 15, புதன்

டிஎல்ஆர்4 அடைத்த குழிகள் கப்சிப். அப்படியானால் அழுக்குத் தண்ணீர்! எங்கிருந்து?

செல்களுக்கு ஊற்றும் உப்புக் கரைசல், என் பஃபர், இருந்த பாட்டிலைத் திருப்பிப் பார்த்தேன். அடியில் சந்தனக் கறை. லேபில் பாத்திரம் கழுவும் பழனியக்காவைக் கேட்டேன்.

"ஆயுதபூசைக்குன்னு கண்ணாடிப் பாட்டில் பூரா புளி போட்டு வெளக்கி, போர்த் தண்ணில அலசி வெச்சுப்போட்டனுங்க அம்மணி. அப்பறம் ஆட்டோகிளேவ்லயும் வெச்சனுங்க."

ஆட்டோகிளேவ் நீராவியில் அவித்துக் கிருமியைக் கொல்லும். ஓடு அப்படியே கிடக்கும். செத்த ஓட்டுக்கே செல் அலறும். ரேவதி பூசைக்கு முன்பே பிளாஸ்டிக் பாட்டிலில் பஃபர் கலக்கி வைத்திருந்தாளாம். கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள்.

வெட்கமாக இருக்கிறது.

அக். 16

சாரிடம் உண்மையைச் சொன்னேன். மாற்றல் இல்லை. சாவியும் அவளுக்கே. மன்னிப்புக் கேட்டேன். "பரவால்லீங்க்கா" என்றாள். மனசு கொஞ்சம் லேசானது.

சாயங்காலம் பிளேட் எடுக்க இன்குபேட்டர் அறைக்குள் போனேன். ரேவதி எழுந்து வந்து கதவருகே நின்றாள். நான் வெளியே வரும்வரை. என் கைகளையே பார்த்துக்கொண்டு.